பூனைக்கும் ஒரு கவளம்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் படகுகள் கரைசேரும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமாயிருக்கும். வலையை உதறும் ஆடவரைச் சுற்றிக் கூடையேந்திய பெண்கள் கூடி நிற்பர். அவர்களுக்குச் சற்றுப் பின்னால், வாலைச் சுருட்டிக்கொண்டு பூனைகள் அமர்ந்திருக்கும். மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் விலை பேசப்பட்டுக் கூடைக்குள் போகும். விலைக்கு ஆகாத பொடிமீன் மணலில் எறியப்படும். அந்த நொடிக்காகத்தான் பூனைகள் அவ்வளவு நேரமும் காத்திருந்தன.

இதைக் காணும் எவரும், 'மீன்பிடிக்கும் ஊரில் பிறந்த பூனைக்கு என்ன குறை?' என்றே எண்ணுவர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியது எங்கள் பங்கு இல்லத்துப் பூனைதான்.

நம் குப்பங்களில் பூனை வளர்ப்பது ஆடம்பரத்துக்காக அன்று. நைலான் வலையை எலி கடித்துவிட்டால் அதைச் சீராக்க எத்தனை நாள் பிடிக்கும் என்பதை மீனவர் வீட்டுப் பெண்கள் அறிவர். வலையையும் கருவாட்டையும் அரிசியையும் காப்பது பூனை. உழைக்கும் உயிருக்கு உணவு தருவது நம் கடமை. அந்த உணவு எது, அதைக் கைக்கு அடங்கிய செலவில் எவ்வாறு தரலாம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கவிழ்ந்த தலை

எங்கள் பங்கு இல்லத்துப் பூனைக்கு ஊரார் எல்லாரும் உறவினர். காலையில் ஒருவர் இரண்டு கவலை மீனைப் போடுவார். மாலையில் இன்னொருவர் ஒரு பிடி நெத்திலியைப் போடுவார். எல்லாம் பச்சை மீன். வேறு எதையும் அது முகர்ந்தும் பாராது. "பூனை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று நாங்களும் மகிழ்ந்திருந்தோம்.

சில மாதங்கள் சென்றபின், அது மீனையும் மறுக்கத் தொடங்கியது. பிறகு தள்ளாடி நடந்தது. ஒருநாள் காலை, தலையை நிமிர்த்த இயலாமல், மோவாய் மார்பில் படும்படி குனிந்தே கிடந்தது. "காய்ச்சல்போல் இருக்கிறது சாமி, பாதி மாத்திரையைக் கரைத்து ஊற்றலாமா?" என்று கேட்டார் சமையற்கார அம்மாள். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. ஆயினும் உபதேசியார் தடுத்து, அதை ஒரு பழக்கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார்.

மருத்துவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். முதலாவது, மனிதருக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. பாதி மாத்திரையே அதன் உயிரைப் போக்கப் போதும். இரண்டாவது, இந்நோய்க்குக் காரணம் நாங்கள் அன்போடு போட்ட பச்சை மீனே!

மீன் இனங்கள் பலவற்றின் பச்சைச் சதையிலும் குடலிலும் தயாமினேஸ் என்னும் ஒரு நொதி உண்டு. கவலை, நெத்திலி முதலிய மீன்களின் குடும்பங்களில் பல இனங்களில் இது காணப்படுகிறது. கிளிஞ்சலின் சதையிலும் உண்டு. உணவிலுள்ள பி1 வைட்டமினை, அதாவது தயாமினை, இந்நொதி அழித்துவிடும். நாள்தோறும் பச்சை மீனையே தின்னும் பூனைக்கு முதலில் பசி போகும், பிறகு நடை தடுமாறும், தலை கவிழும், முடிவில் வலிப்பு வரும். 1940-களிலேயே ஆய்வாளர் கண்டறிந்து எழுதிய உண்மை இது. கடலோரத்தில் வாழும் நமக்கு அது வந்து சேரவில்லை.

தயாமின் ஊசி போடப்பட்டது. இரண்டாம் நாள் பூனை தலையை நிமிர்த்தியது. "இனிமேல் மீனை வேகவைத்துப் போடுங்கள், அடுப்பின் சூட்டில் அந்த நொதி அழிந்துவிடும்" என்றார் மருத்துவர். செலவில்லாத மருந்து! ஆனால் அதை அறியாமல் ஓர் உயிரை இழக்க இருந்தோம். கவலை மீன் எங்களுக்கு உண்மையாகவே கவலையாயிற்று.

பூனை எதனால் வாழ்கிறது?

அன்று தொடங்கி இதுபற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

நாய் நம்மோடு வாழ்ந்து நம் சோற்றுக்கு ஓரளவு பழகிவிட்டது. பூனையோ இன்றும் ஊன் உண்ணியே. அது விருப்பத்தால் அன்று, உடலமைப்பால். நாம் காரட்டிலிருந்தும் கீரையிலிருந்தும் ஏ வைட்டமினை ஆக்கிக்கொள்கிறோம். பூனையின் உடலுக்கு அந்தத் திறன் இல்லை. அதற்கு ஏ வைட்டமின் ஈரலாகவோ மீனாகவோ முட்டையாகவோ நேரே வர வேண்டும். நமக்கு மாவுப்பொருள் முதன்மையான எரிபொருள். பூனைக்குப் புரதமும் கொழுப்பும்.

இவற்றோடு டாரின் என்னும் ஒரு பொருளும் அதற்குத் தேவை. 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. பூனையின் உடல் இதைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை போகிறது என்பதை 1975-இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், அதே குறையால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துபோவதையும், டாரின் கொடுத்தால் அது தேறுவதையும் கண்டனர். கடைகளில் விற்ற உறையுணவைத் தின்ற பூனைகளுக்கே அந்நோய் வந்திருந்தது. அதன்பின்னரே உணவு ஆக்குவோர் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினர்.

இந்த டாரின் இறைச்சியிலும் மீனிலும் நண்டிலும் இறாலிலும் உண்டு; கோழியின் இதயத்தில் மிகுதி. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லை. தவக்காலத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, வீட்டார் ஊனும் மீனும் விலக்கி நோன்பு காத்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அவ்வீட்டுப் பூனையும் நாற்பது நாளாகச் சாம்பார்ச் சோறே தின்றுகொண்டிருந்தது! "நோன்பு நமக்கு, பூனைக்குத் தவக்காலம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அன்று மாலையே அதற்கு மீன்தலை கிடைத்தது.

நாம் செய்யும் பிழைகள்

பச்சை மீனைப் பற்றிச் சொன்னேன். வேறு சில பிழைகளும் நம் வீடுகளில் அன்றாடம் நடக்கின்றன.

மீன்குழம்புச் சோறு: எஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது எங்கும் உள்ள வழக்கம். குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் உண்டல்லவா? இவற்றிலுள்ள கந்தகப் பொருள்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வெங்காயத்தை எடுத்துவிட்டாலும் அதன் சாறு குழம்பில் கலந்தேயிருக்கும். எனவே, பூனைக்கு உரிய மீனைக் குழம்பு கூட்டுமுன்பே தனியே எடுத்துவிட வேண்டும்.

கருவாடு: உப்பிட்ட கருவாடு பூனைக்குப் பிடிக்கும், ஆனால் அத்தனை உப்பு ஆகாது. ஊறவைத்துப் பிழிந்தாலும் உப்பு முழுவதும் நீங்குவதில்லை.

பால்: பூனையும் பாலும் பழமொழியில் இணைந்தவை. ஆயினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். பூனைக்கு வேண்டியது தண்ணீர். அதன் முன்னோர் வறண்ட நிலத்து உயிரினம். ஆகவே தாகம் குறைவு. நீர் குறைந்தால் சிறுநீர் தடைப்படும். கடுவன் பூனைக்கு அது உயிரைப் போக்கும் இடர். ஈரமான உணவே அதற்கு நல்லது.

முள்ளும் எலும்பும்: பெரிய மீனின் முள்ளும் வெந்த கோழியெலும்பும் தொண்டையிலும் குடலிலும் குத்தும். கெளுத்தியின் முள்ளை முதலிலேயே வெட்டி எறிய வேண்டும்.

பேத்தை மீன்: வலையில் தப்பி வரும் பொடிமீனில் பேத்தையும் கலந்திருக்கும். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. மனிதரையே கொல்வது பூனையை விடுமா? பொடிமீனைப் பொறுக்கும்போது பேத்தையைத் தேடி எடுத்து மண்ணில் புதைத்துவிடுங்கள்.

செத்த பறவை: வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் ஏரி நம்முடையது. பறவைக் காய்ச்சல் பூனைகளையும் கொல்லும் என்பது 2004-இல் தாய்லாந்தில் அறியப்பட்டது. செத்துக் கிடக்கும் பறவையையோ, பச்சைக் கோழியிறைச்சியையோ பூனை தின்ன விடலாகாது.

விலை மலிந்த மீனே மேலான மீன்

'விலையுயர்ந்த மீனைப் பூனைக்குப் போட எங்களால் ஆகுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். போடவே வேண்டாம்! இங்கே ஏழைக்குச் சாதகமான ஓர் உண்மை இருக்கிறது.

கடலில் சிறு மீனைப் பெருமீன் தின்கிறது. அதை இன்னும் பெரியது தின்கிறது. நீரில் பாதரசம் இருந்தால், அது இவ்வாறு படிப்படியாக ஏறிப் பெருமீனின் உடலில் மிகுதியாகச் சேரும். சுறாவிலும் பெரிய வஞ்சிரத்திலும் பெரிய சூரையிலும் இருக்கக்கூடிய அளவு, குறுகிய காலமே வாழும் பொடிமீனில் இராது.

பாதரசத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டியவையும் ஒரு மீனவ ஊரின் பூனைகளே. ஜப்பான் நாட்டில் மினமாதா என்னும் கடலோர ஊர் இருக்கிறது. 1950-களில் அங்கிருந்த பூனைகள் திடீரெனத் துள்ளியும் சுழன்றும் விழுந்து மடிந்தன. 'பூனை ஆட்டம்' என்று மக்கள் அதைச் சொன்னார்கள். அதே மீனை உண்ட மனிதருக்கும் கைகால் நடுக்கமும் பேச்சுக் குழறலும் வந்தன. 1956 மே 1 அன்று அந்நோய் அரசின் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த தொழிற்சாலையின் கழிவுநீரே காரணமாயிருக்குமோ என்று ஐயுற்ற ஹொசொகாவா என்னும் மருத்துவர், 1959-இல் அந்தக் கழிவை ஒரு பூனையின் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. அவரோ அத்தொழிற்சாலையின் மருத்துவமனையிலேயே பணிபுரிந்தவர். அந்த முடிவு அப்போது வெளியிடப்படவில்லை. கழிவிலிருந்த பாதரசமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல்தான். அதற்குள் எத்தனை குடும்பங்கள் அழிந்தன!

அந்த ஊரில் நஞ்சு மிகுந்திருந்ததால் சிறிய மீனும் கிளிஞ்சலும்கூடத் தப்பவில்லை. எனவே, நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு. இயல்பான காலத்தில் பூனைக்குப் பொடிமீனே ஏற்றது. மேலும், ஊரில் பல பூனைகள் ஒரே காலத்தில் தள்ளாடி விழுந்தால், அதை வேடிக்கை பார்க்காமல் கால்நடை மருத்துவருக்கும் சுகாதார நிலையத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். நம் பூனை உண்பது நாம் உண்ணும் மீனையே அல்லவா?

ஒரு நாள் உணவு

4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி போதும். வீட்டிலேயே அதை ஆக்கும் முறை இது:

காரப்பொடி, நெத்திலி, பொடி மடவை, சில்லறை இறால் இவற்றில் கிடைப்பதை எடுத்துக் குடல் நீக்கிக் கழுவுங்கள். வெந்த மீனாகச் சுமார் 120 கிராம், அதாவது ஒரு கைப்பிடிக்குச் சற்று மேல், இருந்தால் போதும். உப்பு, மிளகாய், புளி, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல், மீன் மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி, சிறு முள் விரலால் நசுங்குமளவு வேகவையுங்கள். பிரஷர் குக்கர் உள்ள வீட்டில் இது எளிது. நசுங்கிய சிறுமுள் பூனைக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தரும். சதையை மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்கு அச்சத்துக் குறைந்து எலும்பு வளைவதுண்டு.

வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். இதுதான் பலரும் அறியாத செய்தி. டாரின் நீரில் கரைவது. மீன் வேகும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே, அந்தச் சாற்றிலேயே இரண்டு மூன்று தேக்கரண்டிச் சோற்றைக் குழைத்து, மீனோடு கலந்து வையுங்கள். பூனைக்கு வேண்டிய நீரும் அவ்வழியே சேர்ந்துவிடும். சோறு வயிற்றை நிரப்புமே தவிர, பூனையைக் காப்பது மீன்தான். ஆதலால் மீன் மிகுதியாகவும் சோறு குறைவாகவும் இருக்கட்டும்.

எந்நாளும் ஒரே மீன் வேண்டாம். கொழுப்பு மிகுந்த மீனையே, அதிலும் சூரையின் செந்நிறச் சதையையே, நாள்தோறும் தின்னும் பூனைக்கு ஈ வைட்டமின் குறைந்து, உடற்கொழுப்பு மஞ்சளாகிப் புண்படும். தொட்டால் வலியால் கத்தும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயத்தையும் கழுத்துச் சதையையும் வேகவைத்துத் தரலாம். ஈரலைச் சிறு துண்டாக வாரம் ஒருமுறை தந்தால் போதும். நாள்தோறும் தந்தால் ஏ வைட்டமின் மிகுந்து கழுத்தெலும்பு இறுகிவிடும்.

உணவை இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். நம் ஊர் வெயிலில் மீன் விரைவில் கெடும். ஒரு மணி நேரத்துக்குமேல் எஞ்சியிருப்பதை எடுத்துவிடுங்கள். குட்டிகள் நான்கு வாரம்வரை தாய்ப்பாலை மட்டுமே குடித்து, எட்டு வாரத்துக்குள் படிப்படியாக மசித்த மீனுக்குப் பழகும். அவற்றுக்கு நாளுக்கு நான்கு வேளை வேண்டும்.

'வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது' என்று அஞ்ச வேண்டாம். வேட்டை அதன் இயல்பு. பசியில்லாத பூனையும் எலியைக் கண்டால் பாயும். பட்டினியால் மெலிந்த பூனைக்கோ ஓடவும் வலுவிராது.

கருவுற்றிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். பச்சை இறைச்சியையும் எலியையும் தின்னும் பூனையின் மலத்தின் வழியே ஒரு கிருமி பரவி, வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். பூனையை விரட்ட வேண்டாம். அதன் மலத்தை வேறொருவர் அகற்றட்டும். மண்ணைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். உணவை வேகவைத்துத் தருவதால் இந்த ஆபத்தும் குறைகிறது.

வலை வெறுமையாய் வரும் காலம்

இவையெல்லாம் மீன் கிடைக்கும் நாளுக்குச் சரி. நம் ஏரியில் எல்லா நாளும் அப்படியா? 'பாடு' முறைப்படி தன் முறை வராத நாளில் ஒரு வீட்டுக்கு வரவில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் உள்ளே வராத மாதங்களில் ஏரியே வற்றிப்போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு உள்ள 61 நாள் தடையின்போது சந்தையில் மீன் விலை ஏறுகிறது. வீட்டாருக்கே மீன் அரிதாகும்போது பூனையை யார் நினைப்பர்?

ஆகவே முன்னரே சேர்த்துவைக்க வேண்டும். மீன் மிகுந்த நாளில், பொடி நெத்திலியையும் சென்னாகுனியையும் உப்பிடாமல், சுத்தமான பாயிலோ சாக்கிலோ பரப்பி வெயிலில் நன்கு உலர்த்துங்கள். காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்து வைத்தால் சில வாரங்கள் கெடாது. ஈரம் புகுந்து பூஞ்சை பிடித்தால் எறிந்துவிட வேண்டும். கொழுப்பு மிகுந்த மீன் இதற்கு ஆகாது, காறல் அடிக்கும். உலர்ந்த மீனிலும் அந்த நொதி எஞ்சியிருக்கலாமாதலால், கொடுக்கும்போது கொதிக்கவைத்தே கொடுங்கள்.

கடை உறையுணவு

இக்காலத்தில் பொன்னேரிக் கடைகளிலும் பூனையுணவு உறைகள் தொங்குகின்றன. தொலைக்காட்சி விளம்பரத்தைக் கண்டு பிள்ளைகள் கேட்கின்றனர். வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் படித்து வாங்குங்கள்.

உறையின்மேல் 'கம்ப்ளீட்' என்னும் சொல் இருந்தால் அது முழு உணவு. 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'ட்ரீட்' என்றோ இருந்தால் அது நொறுக்குத்தீனி, அதை நம்பிப் பூனை வாழ முடியாது. டாரின் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோல்படி, ஈரப்பதம் நீங்கிய கணக்கில், வளர்ந்த பூனையின் உணவில் 26 விழுக்காடும் குட்டிகளின் உணவில் 30 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும். காலாவதி நாளையும் பாருங்கள். சாக்கைத் திறந்துவைத்து அளந்து விற்பதை வாங்க வேண்டாம். நாய்க்கு உரியது மலிவு என்று அதை வாங்கிப் போடவும் வேண்டாம். நாயின் தேவை வேறு.

விலையை உறைக் கணக்கில் பாராமல் நாள் கணக்கில் பாருங்கள். உலர் உணவில் நாளுக்கு ஏறத்தாழ 55 கிராம் ஒரு பூனைக்குப் போதும். 1 கிலோ 18 நாள் வரும். சிறுசிறு உறைகளாக வாங்கினால் அதே கிலோவுக்குப் பெரும்பாலும் மிகுந்த பணம் செலவாகும்.

எங்களுக்கு மருத்துவர் கூறிய நடுவழி இது: வீட்டு மீனே பெரும்பகுதியாக இருக்கட்டும், அதனோடு நாளுக்கு 15 கிராம், அதாவது ஒரு சிறு பிடி, முழு உணவைச் சேர்த்தால், வீட்டுணவில் விடுபடும் நுண்சத்துகள் ஓரளவு ஈடாகும். அந்த அளவில் ஒரு கிலோ இரண்டு மாதத்துக்கும் மேல் வரும். எதை மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். 'பசித்தால் தானே தின்னும்' என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

முட்டை யாருக்கு?

முடிக்குமுன் ஒரு நிகழ்ச்சி. வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு தாய் வருத்தத்தோடு சொன்னார்: "சாமி, பள்ளிக்கூடத்திலே சத்துணவோடு கொடுக்கிற முட்டையை இவள் தின்பதில்லை. பாவாடையில் மறைத்துக் கொண்டுவந்து பூனைக்குப் போடுகிறாள்." எட்டு வயதுச் சிறுமி தலைகுனிந்து நின்றாள். அவள் கையும் காலும் குச்சிபோல் இருந்தன. பூனை நன்றாகத்தான் இருந்தது!

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தனக்குள்ளதைப் பகிர்ந்துகொள்ளும் நெஞ்சம் எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் அம்முட்டை அவளுடையது. வளரும் அவள் உடலுக்கு உரியது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. விலங்குகளிடம் நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். அவற்றைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது. அதேவேளையில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. இவ்விரண்டையும் சேர்த்தே அது கற்பிக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஏழைக் குடும்பம் எவ்வாறு நடப்பது? நம் ஊரில் அது அவ்வளவு கடினமன்று. முட்டை பிள்ளைக்கு; மணலில் எறியப்படும் பொடிமீன் பூனைக்கு. பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுக்காமலே பூனையைக் காக்கலாம். அதற்கு வேண்டியது பணமன்று. ஒரு கைப்பிடிப் பொடிமீனும், சோறு வடித்த அடுப்பில் எஞ்சியிருக்கும் தணலும், சிறிது கவனமுமே.

அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன். சிறுமியிடம், "நாளை முதல் பூனையின் மீனை வேகவைக்கும் வேலை உன்னுடையது, அம்மா அருகில் இருக்க வேண்டும். முட்டையைப் பள்ளியிலேயே நீ தின்றுவிட வேண்டும். சம்மதமா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "மீன்சாற்றையும் கொடுக்கணுமா சாமி?" என்றாள்.

"அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்" என்றேன்.

எங்கள் பங்கு இல்லத்துப் பூனை இன்றும் நலமாயிருக்கிறது. பச்சை மீன் கொண்டுவரும் அன்பர்களிடம் சமையற்கார அம்மாள் அதை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போகிறார். பூனையும் அவர் பின்னாலேயே போய், வாலைச் சுருட்டிக்கொண்டு, அடுப்பின் அருகே காத்திருக்கிறது.